மஞ்சளுக்கு நடுவே ஒரு நீலச் சட்டை!

முதலில் ஒரு குட்டி டெஸ்ட். செல்போனை ஓரமா வெச்சிருங்க. பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கக் கூடாது.

கேள்வி ஒன்று: லிவர்பூல் டீமோட சொந்த கிரவுண்ட் எது? ஆன்ஃபீல்டு. வெரிகுட்!

கேள்வி இரண்டு: மெஸ்ஸி 13 வயசுல போய்ச் சேர்ந்த கிளப் எது? பார்சிலோனா. இதெல்லாம் ஒரு கேள்வியான்னு நீங்க முறைக்கிறது தெரியுது.

கேள்வி மூன்று: 2019 மார்ச் 9 அன்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்டில் பின்னுக்குத் தள்ளி, ஒரு டீம் இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்தக் கடைசி மேட்ச் நடந்தது எந்த ஊர்ல?

என்ன பாஸ், சத்தத்தையே காணோம்? கோயம்புத்தூர்! நம்ம கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். டீம் பேரு சென்னை சிட்டி எஃப்.சி. தமிழ்நாட்டிலிருந்து தேசிய லீக் பட்டத்தை ஜெயித்த முதல் அணி.

ஆன்ஃபீல்டு எங்கேன்னு தெரிஞ்ச நமக்கு அவினாசி ரோடு பக்கத்தில் நடந்தது தெரியலை. தப்பு உங்க மேல மட்டும் இல்லை. அதைப் பத்திப் பேசத்தான் இந்த வாரம் இத்தனை பக்கம். இது ஒரு கேலரி ரசிகனின் புலம்பல், கோபம், கொஞ்சம் காதல். படிச்சுட்டு சண்டைக்கு வந்தாலும் சந்தோஷம்தான்.

நீலம்னா யாரு?

சென்னையில் விளையாட்டு ரசிகன்னா கலர் மஞ்சள். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஐ.பி.எல். வந்துட்டா ஆட்டோ ஸ்டாண்டு முதல் ஐ.டி. ஆபீஸ் வரைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிச்ச மாதிரி ஆகிடும். அந்த மஞ்சளுக்கு நடுவே நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு சின்னக் கூட்டம் சுத்துதே, பார்த்திருக்கீங்களா? அதுதான் நாங்க. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள். செல்லமா, மெரினா மச்சான்ஸ்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கினப்போ பிறந்த அணி இது. அபிஷேக் பச்சன் ஓர் உரிமையாளர். இன்னொருத்தர் யார்னு நினைக்கிறீங்க? சாட்சாத் தோனி! ஆக, தலக்கே ரெண்டு சட்டை இருந்திருக்கு. உங்களுக்கு ஏன் ஒண்ணு மட்டும்?

இதில் ஒரு காமெடி என்னன்னா, எங்களுக்கு வாய்ச்ச பரம எதிரியும் மஞ்சள்தான். கேரளா பிளாஸ்டர்ஸ். அவங்க ரசிகர் படைக்குப் பேரே 'மஞ்சப்படா'. ஏப்ரல் மாசம் சேப்பாக்கத்தில் மஞ்சளுக்கு விசில் அடிச்ச அதே வாயால, நேரு ஸ்டேடியத்தில் மஞ்சளைப் பார்த்து ஊளையிடணும். இந்தக் குழப்பத்தை ஜீரணிக்கவே எங்களுக்கு ரெண்டு சீசன் ஆச்சு.

'சினிமா ஸ்டார் வாங்கினது, ரெடிமேடா வந்தது, இதெல்லாம் ஒரு உள்ளூர் டீமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2014-ல் அந்த லீக்கில் களத்தில் இறங்கும் 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டுக்காரர்களாக இருக்கலாம். பாதிக்கு மேல் வெளியூர் ஆள். இதில் எங்கே வந்தது உள்ளூர்?

என் பதில் ரொம்ப சிம்பிள். டீம் பொறக்கும்போதே உள்ளூர் டீமா பொறக்கிறதில்லை. ஊரோட சேர்ந்து கஷ்டப்படும்போதுதான் ஆகுது. எங்க டீமுக்கு அந்தக் கஷ்டம் ரெண்டாவது வருஷமே வந்துருச்சு.

வெள்ளத்தில் ஒரு கோப்பை

2015 டிசம்பர். சென்னைக்காரங்களுக்கு அந்த மாசத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நின்னுக்கிட்டு பால் பாக்கெட்டுக்குக் கையேந்தின மாசம். அதே நேரத்தில்தான் ஐ.எஸ்.எல். அரையிறுதி. சீசனின் நடுவில் பாயின்ட் பட்டியலில் அடியில் கிடந்த சென்னையின், கடைசி நேரத்தில் வரிசையா ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்திருந்தது. ஆனா சொந்த ஊர்ல ஆட முடியலை. ஊரே தண்ணியில.

அதனால 'ஹோம்' மேட்ச்சை புனேயில் ஆடினார்கள். கேலரியில் நம்ம ஆளுங்க இருக்க வழியில்லை. எதிரே நடப்புச் சாம்பியன் கொல்கத்தா அணி. ஸ்கோர் 3-0. நம்ம பக்கம்!

அடுத்து டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் ஃபைனல். சொந்த மண்ணில் ஆடிய எஃப்.சி. கோவா, 87-வது நிமிஷம் 2-1 என்று முன்னே போனது. மிச்சம் மூணு நிமிஷம். அங்கே பட்டாசுத் திரியைக் கொளுத்தத் தயாரா இருந்திருப்பாங்க. 90-வது நிமிஷம், கோவா கோல்கீப்பர் கட்டிமணி தன் கோலுக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். சேம் சைடு கோல்! 2-2. அடுத்த ரெண்டாவது நிமிஷம், கொலம்பியாக்காரர் மென்டோசா அடித்தார். 3-2. அந்த சீசனில் அவருக்கு அது 13-வது கோல். கோச், உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடான் தலையால் முட்டித் தள்ளின அதே மாட்டராஸி.

வீட்டுக்குள்ள வந்த சேற்றை இன்னும் முழுசா கழுவி முடிக்காத ஒரு ஊருக்கு அந்த ராத்திரி ஒரு கோப்பை கிடைச்சது. அது வெள்ள நிவாரணம் இல்லைதான். யாருக்கும் நனைஞ்சுபோன சர்டிபிகேட்டையோ மெத்தையையோ அது திருப்பித் தரலை. ஆனா பல நாள் கழிச்சு இந்த ஊரு ஒரு நல்ல செய்திக்கு சத்தம் போட்டது. அன்னிலேர்ந்து இது ரெடிமேட் டீம் இல்லை.

வியாசர்பாடி அடிச்ச ஹெட்டர்

இப்ப இன்னொரு கோல். இது என் பர்சனல் ஃபேவரிட்.

2018 மார்ச் 13, சென்னை நேரு ஸ்டேடியம். மறுபடியும் அரையிறுதி, மறுபடியும் கோவா. முதல் ரவுண்டு 1-1. அன்னிக்கு 26-வது நிமிஷத்தில் ஜெஜெ ஒரு கோல் போட்டார். அடுத்த மூணாவது நிமிஷம் தலையால் முட்டி இன்னொரு கோல். முட்டியவர் பெயர் தனபால் கணேஷ். ஊர்? வியாசர்பாடி!

ஸ்டேடியத்தில் இருந்து வியாசர்பாடிக்கு எவ்வளவு தூரம்? சென்ட்ரலைத் தாண்டி, பேசின் பிரிட்ஜைத் தாண்டினா வந்துடும். பஸ்ஸில் போகிற தூரம். 3-0 என்று ஜெயிச்சு ஃபைனலுக்குப் போனோம். மார்ச் 17 அன்று பெங்களூரு போய், அவங்க கிரவுண்டில், அவங்க ரசிகர்கள் முன்னாடி, சுனில் சேத்ரி 9-வது நிமிஷமே கோல் போட்ட பிறகும் 3-2 என்று ஜெயிச்சோம். பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸ் கார்னரில் வந்த ரெண்டு பந்தைத் தலையாலேயே உள்ளே தள்ளினார். ரெண்டாவது கோப்பை. ஆனாலும் எனக்கு அந்த சீசன்னா ஞாபகம் வர்றது கணேஷோட ஹெட்டர்தான்.

காரணம் இருக்கு. வட சென்னையில் கால்பந்து ஒண்ணும் ஐ.எஸ்.எல். கொண்டுவந்து இறக்கின சரக்கு இல்லை. பல வருஷமா இருக்கு. அங்கே ஒரு பையனுக்கு கால்பந்துன்னா என்ன அர்த்தம் தெரியுமா? வேலை. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், வருமான வரித்துறை, ஏ.ஜி. ஆபீஸ் என்று சென்னை லீகில் ஆடின அணிகளில் பாதி அரசாங்க ஆபீஸ் அணிகள். நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, மாசம் பொறந்தா சம்பளம், வீட்டுக்கு ஒரு நிம்மதி. 1996-ல் தொடங்கின தேசிய லீகில் சென்னைக்காக ஆடினதுகூட நம்ம இந்தியன் வங்கி அணிதான். கேஷ் கவுன்டரில் பார்த்த ஆளை சாயங்காலம் கிரவுண்டில் பார்க்கலாம்.

ஆபீஸ் வேலைக்காக இல்லாமல், ஆட்டத்தையே தொழிலா எடுத்துக்கலாம்னு அந்தத் தெருப் பையன்களுக்கு ஒரு கதவு திறந்தது கிளப் கால்பந்து வந்த பிறகுதான். கணேஷ் ஒரு உதாரணம். இன்னொருத்தர் நந்தகுமார் சேகர். அவரும் வியாசர்பாடிதான். சென்னை சிட்டியில் ஆடியவர், பிறகு வடக்கே போனார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். வருஷக் கணக்கா டெர்பியில் தோத்துக்கிட்டே இருந்த ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. கொல்கத்தாவில் அந்த ஒரு கோலுக்கு என்ன மரியாதைன்னு பந்து பைத்தியங்களைக் கேட்டுப் பாருங்க. பாதி ஊரு தூங்கியிருக்காது.

வியாசர்பாடி கால் கொல்கத்தாவைத் தூங்கவிடாம பண்ணுது. நம்ம கேலரியில் ஏன் பாதி சீட்டு காலி?

முதல் ரேங்க் வெளியே, கடைசி பெஞ்ச் உள்ளே

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோம். 2018-19 சீசன். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதைவிட விசித்திரமான வருஷம் இருக்க முடியாது.

அப்போது இந்தியாவில் ரெண்டு லீக் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒண்ணு பளபள ஐ.எஸ்.எல். இன்னொண்ணு பழைய ஐ-லீக். நம்ம மாநிலத்துக்கு ரெண்டிலும் ஒரு டீம். ஐ.எஸ்.எல்-லில் சென்னையின், நடப்புச் சாம்பியன். ஐ-லீகில் சென்னை சிட்டி, சேர்ந்து ரெண்டு சீசன்தான் ஆகியிருந்தது. சென்னையில் இருந்து மூட்டை கட்டி கோவைக்குப் போய் ஆடிக்கொண்டிருந்த டீம்.

ரிசல்ட் என்ன?

நடப்புச் சாம்பியன் சென்னையின் 18 மேட்ச் ஆடியது. ஜெயிச்சது 2. டிரா 3. தோல்வி 13. மொத்தம் 9 பாயின்ட். பத்து டீமில் பத்தாவது இடம். அந்த வருஷம் கேலரிக்குப் போனவங்களுக்கு எல்லாம் பொறுமைக்கு ஒரு மெடல் கொடுக்கணும்.

சென்னை சிட்டி? சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ். ஸ்பெயினில் இருந்து பெரிய பேரு எதுவும் இல்லாத சில ஆட்டக்காரர்கள். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால் மாதிரி நம்ம ஊர்ப் பையன்கள். பெட்ரோ மான்சி என்கிற ஸ்ட்ரைக்கர் மட்டும் 21 கோல்! கடைசி நாளில் சென்னை சிட்டிக்கு 40 பாயின்ட், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நாம டிரா செஞ்சு அவங்க ஜெயிச்சா கோப்பை கொல்கத்தாவுக்கு. கோவையில் மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷமே கோல் போட்டு வயித்துல புளியைக் கரைத்தது. இடைவேளைக்குப் பிறகு மான்சி ஒரு பெனால்டி. அப்புறம் அசாம்காரர் கவுரவ் போரா ரெண்டு கோல். டிஃபெண்டர் ஐயா, டிஃபெண்டர்! 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்திருந்தது. கடைசிக் கணக்கு 43-க்கு 42.

உலகத்தில் பெரும்பாலான நாடுகளின் கால்பந்தில் ஒரு நியாயம் உண்டு. கீழ் லீகில் முதலாவதா வந்தா மேலே ஏறலாம். மேல் லீகில் கடைசியா வந்தா கீழே இறங்கணும். இங்கிலாந்தில் ஒவ்வொரு மே மாசமும் நீங்க டி.வி-யில் பார்த்து உச்சுக் கொட்டுற அதே விதி. கடைசி இடத்து மேட்ச்சுக்கும் கூட்டம் வர்றதே அந்த பயத்துக்குத்தான்.

இங்கே? ஏறவும் முடியாது, இறங்கவும் வேண்டாம். கடைசி பெஞ்ச் சென்னையின் அடுத்த வருஷமும் அதே ஏ.சி. கிளாஸில். முதல் ரேங்க் சென்னை சிட்டி வராண்டாவில். போதாக்குறைக்கு, அடுத்த சீசனில் இருந்து ஐ.எஸ்.எல்-தான் நாட்டின் முதல் லீக் என்று ஆனது. அதாவது சாம்பியன் ஆன சில மாசத்திலேயே சென்னை சிட்டி இரண்டாம் டிவிஷன் அணி ஆகிவிட்டது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம் என்ற விதி நிஜமானது 2022-23 சீசனில்தான்.

நான் நீலச் சட்டைக்காரன். அந்த விதி 2019-லேயே இருந்திருந்தா என் டீம்தான் கீழே போயிருக்கும். அடுத்த வருஷமே ஓவன் கோயில் வந்து, வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டு, கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் சாய்ச்சு ஃபைனலுக்குப் போனோமே, அந்த சந்தோஷமும் கிடைச்சிருக்காது. தெரிஞ்சேதான் சொல்றேன். கீழே போயிருக்கணும். கோட்டை அழிச்சுட்டு ஆடுற பரமபதம் ஆட்டமா? ஏணியும் இருக்கணும், பாம்பும் இருக்கணும்.

சாம்பியன் காணாமல் போன கதை

சரி, சென்னை சிட்டி என்ன ஆச்சு?

பட்டம் ஜெயிச்ச அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் இதில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. பாசல்! சாம்பியன்ஸ் லீகில் ஆடின கிளப்புக்கு கோயம்புத்தூர் கண்ணுல பட்டிருக்கு. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0-1 என்று மட்டுமே தோற்றது. அடுத்து ஏ.எஃப்.சி. கோப்பை. அது கொரோனாவால் பாதியில் ரத்து.

அதுக்கப்புறம் மெல்ல மெல்ல இறக்கம். 2021-22 ஐ-லீக் தொடங்கினப்போ 13 டீம் லிஸ்ட்டில் சென்னை சிட்டி பெயரே இல்லை. இந்திய சாம்பியன், மூணே வருஷத்தில் லிஸ்ட்டில் இல்லை!

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சேப்பாக்கத்தில் இருந்து மஞ்சள் டீம் ஒருநாள் காணாமப் போனா என்ன ஆகும்? பஸ் ஓடாது, டீ விற்காது, சட்டசபையில் பேசுவாங்க. சென்னை சிட்டி காணாமப் போனப்போ? பேப்பரில் சின்னதா ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தாலே அதிகம்.

நான் சொல்ல வர்றது இதைத்தான். ஒரு உள்ளூர் டீம் தோத்துச் சாகறதில்லை. 9 பாயின்ட்டோட கடைசியா வந்த டீம் உயிரோட இருக்கு. 43 பாயின்ட்டோட முதலாவதா வந்த டீம் காணோம். டீம் சாகறது, 'எங்கய்யா எங்க டீம்?'னு கேட்க ஆளில்லாம போறப்பதான்.

'பிகில்' பார்த்தீங்க, மதுரையைப் பார்த்தீங்களா?

இந்தக் கதையில் இன்னொரு பாதியும் இருக்கு. அதே 2019 மே மாசம், லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் ஃபைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து சாம்பியன் ஆனது மதுரை சேது எஃப்.சி. ஆமாம், ஆண்கள் லீகும் பெண்கள் லீகும் ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுக்கு!

அஞ்சு மாசம் கழிச்சு தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. பெண்கள் கால்பந்துக் கதை. ஊரெல்லாம் ஹவுஸ்ஃபுல். விசில் பறந்தது. ரொம்ப சந்தோஷம். ஆனா தியேட்டரில் விசில் அடிச்சவங்களில் எத்தனை பேருக்கு நிஜ சாம்பியன்கள் மதுரையில் இருக்காங்கன்னு தெரியும்? கடலூர்ப் பொண்ணு, போலீஸ் வேலையையும் பார்த்துக்கிட்டு இந்தியாவுக்கு மிட்ஃபீல்டில் ஆடின இந்துமதி கதிரேசன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் சீனியர் நேஷனல் பட்டம் ஜெயிச்சிருக்கு. 2018 ஃபைனலில் தோற்கடிச்சது யாரை? வருஷம் தவறாம கோப்பை வாங்கிக்கிட்டிருந்த மணிப்பூரை. அடுத்த தடவை 'நம்ம ஊர்ல ஃபுட்பாலா?'ன்னு யாராவது சிரிச்சா, இந்த ரெண்டு வருஷத்தையும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.

சீசன் எங்கே மச்சி?

இப்போ பெரிய கோபத்துக்கு வரேன்.

ஒரு ரசிகனுக்கு சீசன்னா என்ன? காலண்டர். கல்யாண வீட்டு தேதியையே ஃபிக்ஸர் பார்த்துட்டுத்தான் குறிச்சுக் கொடுப்போம். இங்கிலாந்து லீக் ஆகஸ்டில் ஆரம்பிச்சு மே மாசம் முடியும். ஆளுக்கு 38 மேட்ச். உங்க தாத்தா கேட்டாலும் அதே பதில், பேரன் கேட்டாலும் அதே பதில்.

நம்ம கதையைப் பாருங்க. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கினப்போ 8 டீம், ஆளுக்கு 14 லீக் மேட்ச். ரெண்டரை மாசத்தில் கடையைக் கட்டிட்டாங்க. 2017-18-ல் 10 டீம், 18 மேட்ச். 2023-24-ல் 12 டீம், 22 மேட்ச். 2024-25-ல் 13 டீம், 24 மேட்ச். வெளிநாட்டு ஆளுங்க எண்ணிக்கையும் 6-ல் இருந்து 5, அப்புறம் 2021-22-ல் 4 என்று குறைஞ்சுக்கிட்டே வந்தது. நம்ம பசங்களுக்கு இடம் கூடியது. பரவாயில்லையே, பயிர் வளருதேன்னு நினைச்சோம்.

2025 ஜூலையில் இடி. லீகை நடத்தின கம்பெனிக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடியுது. புதுசா கையெழுத்து ஆகலை. அதனால் சீசன் நிறுத்திவைப்பு! ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. முதல் அணியின் வேலைகளை அப்படியே நிறுத்திவைத்தது. பெங்களூரு ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. லீகை நடத்த டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒருத்தர்கூட விண்ணப்பிக்கலை. ஒருத்தர்கூட! கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் அறிவித்து, பிப்ரவரி 14 அன்று சீசன் தொடங்கியது. காதலர் தினமாம். ஆறு மாசம் காக்க வெச்சுட்டு ஒரு ரோஜாப்பூ!

அந்த சீசனுக்கு 14 டீம். ஒருத்தரோட ஒருத்தர் ஒரே ஒரு தடவைதான் மோதல். அப்போ ஆளுக்கு எத்தனை? 13. மொத்தமே 91 மேட்ச். கணக்குல வீக்கா இருந்தாலும் இது புரியும்: லீக் பொறந்த வருஷம் 14 மேட்ச், பன்னிரண்டாவது வருஷம் 13 மேட்ச். பன்னிரண்டு வருஷம் படிச்சுட்டு திரும்ப எல்.கே.ஜி-யில் சேர்ந்த மாதிரி இல்லை?

டி.வி-யில் பார்க்கிற நமக்கு இது வெறும் போரடிக்கிற சங்கதி. ஒரு 19 வயசு ஆட்டக்காரனை நினைச்சுப் பாருங்க. அவனுக்குக் கிடைக்கிற வருஷங்களே கொஞ்சம். அதில் ஒரு வருஷம் பாதி, மேட்ச் இல்லாம போகுது. எந்த கோச் அவனைப் பார்ப்பார்? எதை வெச்சு அடுத்த காண்ட்ராக்ட் போடுவாங்க? வீட்டில், 'அப்பவே சொன்னேன், ரயில்வே வேலைக்கு எழுதிப் போடுன்னு' என்று அம்மா சொன்னா அவன் என்ன பதில் சொல்வான்? வியாசர்பாடிக்குத் திறந்த கதவுன்னு மேலே சொன்னேனே, அதை மூடுறதுக்கு யாரும் வில்லனா வர வேண்டாம். சீசன் எப்போன்னு சொல்லாம இருந்தாலே போதும்.

ஒரு ரசிகனின் மூணு டிமாண்டு

ஒன்று: வருஷா வருஷம் ஒரே மாசத்தில் லீக் தொடங்கணும். யாரு நடத்தறாங்க, யாருக்கு எத்தனை சதவிகிதம்ங்கிற சண்டையை ஏ.சி. ரூமில் வெச்சுக்கோங்க. அந்த சண்டை பந்தை நிறுத்தக் கூடாது.

இரண்டு: ஏணியும் பாம்பும் கட்டாயம். எங்க டீமுக்கும் சேர்த்துத்தான். கீழே விழுந்துடுவோம்னு பயம் இருந்தாத்தான் மேனேஜ்மென்ட் ஒழுங்கா ஆள் எடுக்கும்.

மூன்று: டீம் ஷீட்டில் தமிழ்நாட்டுப் பெயர்கள். சலுகைக்காகக் கேட்கலை. குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் இருந்து வந்தவர்தானே மைக்கேல் சூசைராஜ்! சென்னை சிட்டியில் ஜொலிச்சு, ஐ.எஸ்.எல். கிளப்புகள் தேடி வந்து அள்ளிட்டுப் போன ஆள். முதலில் அள்ளினது நாம இல்லை, ஜாம்ஷெட்பூர். நம்ம வீட்டு மாம்பழத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் பறிக்கிற வரைக்கும் நாம பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி?

கேலரிக்குப் புதுசா?

* நேரு ஸ்டேடியம் போக சென்ட்ரலில் இறங்கி பெரியமேடு பக்கம் நடந்தாலே போதும். பார்க்கிங் தேடி அலைய வேண்டாம்.

* ரூல்ஸ் தெரியாதேன்னு கவலை வேண்டாம். ஆஃப்சைடு என்னன்னு பக்கத்தில் இருக்கிறவரைக் கேளுங்க. அவர் சொல்றது தப்பாவே இருந்தாலும், ரொம்ப நம்பிக்கையா சொல்வார்.

* தனியா வந்தா 'பி ஸ்டாண்ட் புளூஸ்' மாதிரி ரசிகர் கூட்டம் உட்காருற பக்கம் போயிடுங்க. டிரம் சத்தம் வழி காட்டும். அரை மணி நேரத்தில் பாட்டு மனப்பாடம் ஆகிடும்.

* ரெஃப்ரியைத் திட்டலாம். அவர் அம்மாவைத் திட்டக் கூடாது. பக்கத்து சீட்டில் யாராவது ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாங்க.

* 0-2-ன்னு பின்னாடி இருக்கும்போது எழுந்து போகாதீங்க. 2015-ல் 87-வது நிமிஷம் டி.வி-யை ஆஃப் பண்ணினவங்க கதையை இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

* பெரிய மேட்ச்சுக்கு மட்டும்தான் வருவேன்னு அடம்பிடிக்க வேண்டாம். உங்க மாவட்ட லீக் மேட்ச் ஏதாவது ஒரு காலேஜ் கிரவுண்டில் நடந்துக்கிட்டே இருக்கும். அடுத்த கணேஷை டிக்கெட் இல்லாம பார்க்கலாம்.

லிவர்பூலை விட்டுடுங்கன்னு நான் சொல்லவே இல்லை. ராத்திரி முழிச்சுப் பாருங்க, காலையில் காலேஜில் தூங்குங்க, உங்க இஷ்டம். ஆனா ஆன்ஃபீல்டுக்கு நீங்க போகலைன்னா அங்கே யாருக்கும் தெரியப் போறதில்லை. உங்க சீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்துடுவார். நேரு ஸ்டேடியத்தில் நீங்க போகலைன்னா அந்த சீட்டு காலியாவே இருக்கும். அது கிரவுண்டில் நிக்கிற பதினோரு பேருக்கும் தெரியும்.

அதனால அடுத்த ஹோம் மேட்ச் எப்போன்னு பாருங்க. டிக்கெட் ரெண்டா எடுங்க. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு, கேள்வி மூணுக்கு இன்னும் பதில் தெரியாத உங்க ஃபிரெண்டுக்கு. நீலச் சட்டை இல்லையா? பரவாயில்லை, மஞ்சள்லயே வாங்க.

கேரளா மேட்ச் அன்னிக்கு மட்டும் வேண்டாம்!